லாரி நெற்றியில் எழுதிய பேர்

காரில் வாந்தி எடுக்காத குழந்தை என்று ஒன்று இந்த உலகத்தில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள், அதன் காலில் விழுந்து கும்பிடுகிறேன். எனக்கு வாய்த்த இரண்டும் அந்த ரகம் இல்லை. மல்லசமுத்திரத்தைத் தாண்டி ராசிபுரம் ரோட்டைப் பிடிப்பதற்குள் மகன் தர்ஷித் ஆரம்பித்துவிட்டான். முட்டை பப்ஸ், மாங்காய் ஜூஸ், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்து என் சீட்டின் முதுகில் வந்து விழுந்தது. அந்த நிலைமையிலும் கையில் இருந்த போனைத் தலைக்கு மேலே பத்திரமாகத் தூக்கிப் பிடித்திருந்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டை நாறுகிறது, சீட் நாறுகிறது, போன் மட்டும் துளி அழுக்கில்லாமல் இருக்கிறது. அதில் எவனோ ஒருத்தன் பச்சை நிறத்தில் கொழகொழவென்று எதையோ பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த சின்னவள் கனிஷ்கா அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, நாறுது, ஏசியக் கூட்டுங்க" என்றாள், தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் பெயர் தமிழரசு. ஊரில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறேன். கருவாட்டுத் தூள், மழையில் நனைந்து புழுத்த மக்காச்சோளம், கோழிப்பண்ணை என்று எல்லா நாற்றத்துக்கும் பழகிய மூக்கு இது. அந்த மூக்கையே என் மகன் சுருங்க வைத்துவிட்டான். புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றிச் சீட்டைத் தேய்த்துக்கொண்டே என் மனைவி சித்ராவிடம் எரிந்து விழுந்தேன்.

"மொதல்ல அந்தப் போனப் புடுங்கு. ஓடற வண்டில குனிஞ்சு அதையே பாத்துட்டிருந்தா கொமட்டாம என்ன பண்ணும்? ஜன்னலுக்கு வெளிய வேடிக்கை பாத்துட்டு வரட்டும் ரெண்டும்."

"வெளிய பாக்க வேண்டாமுங்க" என்றாள். ஈரத்துணியால் மகன் வாயைத் துடைத்தாள். போனையும் துடைத்து அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். "உள்ளயே பாக்கட்டும். வாந்திதானுங்க, தொடச்சா போச்சு."

ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகள் போனே கதியென்று கிடப்பதாகப் புலம்புகிறார்கள். விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடினால் இதுதான் பேச்சு. "நாங்கெல்லாம் பஸ்ல போனா ஜன்னலோரம் உக்காந்து மரம் மட்டை எண்ணிட்டுப் போவோம்" என்று யாராவது இழுத்தால் போதும், சித்ராவின் முகம் சுளிக்கிற சுளிப்பைப் பார்க்க வேண்டும். எழுந்து போய்விடுவாள். அவளைப் பொறுத்தவரை ஒரு குழந்தையை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்வதைப் போல அசிங்கமான காரியம் வேறு இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

என் மனைவி மேல் எனக்கு மரியாதை அதிகம். அவளைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் வாயில் வராத ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைவீதியில் ஒரு அச்சகத்தில் அவளுக்கு வேலை. கல்யாணம், காதுகுத்து, சீர், கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். ஒற்று மிகாது, கால் விடுபடாது, அவ்வளவு சுத்தமான கை. ஆனால் அடித்ததைப் பார்ட்டிக்குப் போனில் படித்துக் காட்டும்போது 'அன்புடையீர்' வருகிற இடத்தில் ஒரு இருமல் இருமுவாள். 'அன்புடன் அழைக்கும்' வருகிற இடத்தில் 'கீழ அழைக்கறவங்க பேரு' என்று தாவிவிடுவாள். அன்பு என்ற அந்தச் சொல் அவள் நாக்கில் ஏறாது. எங்கள் கல்யாணப் பத்திரிகையை அவளேதான் அடித்தாள். அன்புடையீர் இருக்க வேண்டிய இடத்தில் 'மதிப்பிற்குரியீர்' என்று இருந்தது. என் பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதென்னடா, கலியாணப் பத்திரிகையா, பேங்க்காரன் நோட்டீசா?" என்று கேட்டார்.

இன்னொன்று. பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில், எல்லாரும் செய்வதைப் போல நானும் பின் கண்ணாடியில் பிள்ளைகள் பேரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு வந்தேன். நீலத்தில் தர்ஷித், சிவப்பில் கனிஷ்கா, நடுவில் ஒரு மயிலிறகு. சாயந்தரம் கடையிலிருந்து வந்து பார்த்தால் சித்ரா பிளேடை வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். "வண்டில புள்ளைங்க பேர எழுதற கருமாந்தரம் நம்ம ஊட்டுக்கு வேண்டாமுங்க" என்றாள். மயிலிறகை மட்டும் விட்டுவைத்தாள்.

இந்தக் கருமாந்தரத்தை ஆரம்பித்து வைத்தவர் அவளுடைய அப்பா சென்றாயன். சொந்தமாக ஒரு லாரி வைத்துக்கொண்டு தானே ஓட்டினார். எங்கள் பக்கம் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாமக்கல்லில் வண்டிக்குக் கூண்டு கட்டும்போதே கேபினுக்கு மேலே, நெற்றிப் பலகையில், பெற்ற பிள்ளைகளின் பேரை எழுதிவிடுவார்கள். வண்டி எந்த மாநிலத்தில் ஓடினாலும் பிள்ளைகள் முன்னால் போகும், அப்பன் பின்னால் போவான் என்று ஒரு நினைப்பு. சென்றாயனின் லாரியில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'சித்ரா – மணிமாறன்' என்று இருந்தது. மணிமாறன் அவளுடைய தம்பி.

அப்பா வண்டியோடு போனால் வருவதற்கு நாளாகும். அம்மா சாலம்மாள் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கோயில் கோயிலாகப் போவார். பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகள் நச்சரிக்கும், தம்பி அழுவான், பக்கத்துச் சீட்டுக்காரர் முறைப்பார். அப்போது அந்த அம்மா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். "நம்ம லாரிய ஆரு மொதல்ல பாக்கறீங்களோ அவங்களுக்கு ஒரு கமர்கட்டு." அவ்வளவுதான், ஆளுக்கொரு ஜன்னல். எதிரில் வருகிற லாரி, முந்திக்கொண்டு போகிற லாரி, டீக்கடை முன்னால் நிற்கிற லாரி, ஒன்று விடாமல் இரண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கும். சித்ரா தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டதே லாரி நெற்றியில்தான் என்பாள்.

ஒருநாள் வாழப்பாடியைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எதிரில் பஸ் நின்றது. அங்கே அப்பாவின் லாரி நின்றிருந்தது. எப்.சி. சோதனைக்கு விட்டுப் புதுப் பெயின்ட் அடித்து வந்திருந்தது. கேபினில் ஆள் இல்லை. சித்ராதான் முதலில் பார்த்தாள். பார்த்து, சத்தமாகப் படித்தாள். 'சித்ரா – மணிமாறன் – அன்பு.'

"அம்மா, புதுசா எழுதியிருக்காங்கம்மா. அன்புங்கறது ஆரும்மா?"

"ஆருமில்ல சாமி" என்றார் சாலம்மாள். "அது பேரில்ல. அன்புன்னா பாசம். உங்க ரெண்டு பேரு மேலயும் அப்பாவுக்குப் பாசம். அதத்தான் எழுதி வெச்சிருக்காரு."

வழக்கமாக முதலில் பார்த்தவருக்குத்தான் கமர்கட்டு. அன்று பொட்டலத்தை அப்படியே இரண்டு பேர் மடியிலும் கொட்டிவிட்டார். பஸ் புறப்பட்டது. இறங்கிப் போய் அப்பாவைப் பார்க்கலாம் என்று அழுத தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் அந்த விளையாட்டு கிடையாது. "கண்ண மூடித் தூங்குங்க சாமி" என்பதோடு சரி. கண்ணைத் திறந்து வெளியே பார்த்தால் முதுகில் ஒரு அடி விழுந்தது.

சித்ரா அம்மா சொன்னதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டாள். "உங்கப்பனெல்லாம் பேருதான் எழுதுவாங்க, எங்கப்பா பாசத்தையே எழுதியிருக்காரு." இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் அப்பா லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அந்தப் பிள்ளை வகுப்பு மொத்தமும் கேட்கச் சொன்னது. "பாசமுமில்ல ஒரு மண்ணுமில்ல. உன்ற அப்பனுக்குக் கெங்கவல்லில ஒரு பொண்டாட்டி இருக்குது. அன்புங்கறது அங்க பொறந்த பையன். எங்கப்பாகிட்ட உங்கப்பனேதான் சொல்லி எழுதச் சொன்னாராம்." வகுப்பே சிரித்தது. தமிழய்யாகூடச் சிரித்தார் என்று சித்ரா இன்றைக்கும் சொல்வாள். அன்றோடு அந்தச் சொல் அவளுக்குச் செத்துப்போயிற்று.

ஒளித்துச் செய்தாலாவது அதில் ஒரு பயம் இருக்கிறது, வெட்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் சாயத்தில் எழுதி, ஊர் ஊராக ஓட்டிக் காட்டியிருக்கிறார். மூன்றும் நான் பெற்றவை, மூன்றையும் எழுதினேன், இதில் என்ன தப்பு என்று நினைத்திருப்பார். அவருக்கு அது நியாயமாகக்கூடப் பட்டிருக்கும். நினைத்தாலே எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

சித்ராவை அதைவிட அரித்தது வேறு. அம்மா அந்தப் பதிலை யோசிக்காமல் சொன்னார். கேட்ட மறுவினாடி சொன்னார். அப்படியானால் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். பெரியவளானதும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ கோயில் இருக்க, அம்மா போன கோயில்கள் எல்லாம் கெங்கவல்லிக்குப் போகிற ஆத்தூர் ரோட்டிலும் தம்மம்பட்டி ரோட்டிலும்தான் இருந்தன. "எங்கம்மா சாமி கும்பிடப் போகலீங்க. ஆளத் தேடப் போனாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "எங்க ரெண்டு பேத்தையும் ரெண்டு ஜன்னல்ல உக்கார வெச்சு, புருசனத் தேடியிருக்காங்க. நாங்க வெளையாட்டுன்னு நெனச்சுட்டுச் சிரிச்சுட்டே போயிருக்கறம். த்தூ." அம்மாவைச் சொன்னாளா, அப்பாவைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

சாலம்மாள் கடைசிவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செத்தபோது சென்றாயன் அதே லாரியில் வந்து இறங்கினார். தெருமுக்கில், வருகிற சனமெல்லாம் படிக்கிற மாதிரி மூன்று பெயரோடும் லாரி நின்றிருந்தது. சித்ரா அவரைத் திண்ணைப்பக்கம்கூட ஏற விடவில்லை. அதன்பிறகு அவரை அவள் பார்க்கவும் இல்லை.

போன வாரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. கெங்கவல்லியிலிருந்து அந்த அன்பு பேசினான். அவனுடைய அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அப்பாவுக்கு வாதம் அடித்துப் பல மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாராம். டாக்டர் கைவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லியும் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறாராம். மூத்த பிள்ளை கையால் ஒரு வாய்ப் பால் ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடும் என்று ஊரில் சொல்கிறார்கள், வருவீர்களா அக்கா என்று கேட்டான். மணிமாறன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போய் ஒடிசாவில் இருக்கிறான். அவனிடம் சொன்னதற்கு, "நான் வரமாட்டேன், நீயும் போகாத, கெடந்து அழுகட்டும்" என்று போனை வைத்துவிட்டான்.

அன்பு பேசிய எண்ணைச் சித்ரா போனில் 'கெங்கவல்லி' என்று பதிந்து வைத்தாள். பேரைப் போடவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள். "போயிப் பாத்துட்டு வந்தரலாமுங்க. பாலெல்லாம் ஊத்த மாட்டேன். அந்தாளு கெடக்கற கெடையக் கண்ணால பாக்கோணும், அவ்வளவுதான்." பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அதனால்தான் இந்த வாந்திப் பயணம்.

நாமகிரிப்பேட்டை தாண்டியதும் தர்ஷித் இன்னொரு தடவை எடுத்தான். இந்தத் தடவை பாலித்தீன் பையில் பிடித்தாள் சித்ரா. இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, மலை, மேலே நல்ல மேகம். பின் சீட்டுப் போனில் எவளோ ஒருத்தி பொம்மைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு கீச்சுக் குரலில் கத்திக்கொண்டே வந்தாள். ஒரு பெட்டி முடிந்தால் இன்னொரு பெட்டி. பிரிக்கிறவளுக்கும் அலுக்கவில்லை, பார்க்கிறதுகளுக்கும் அலுக்கவில்லை. எனக்குத்தான் அந்தப் போனைப் பிடுங்கி ஏதாவது கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது. எதிரே ஒரு லாரி வந்தது. நெற்றியில் ஏதோ இரண்டு பேர். சித்ரா சட்டென்று தலையைக் குனிந்து மடியில் இருந்த பையின் முடிச்சை இறுக்கினாள்.

தம்மம்பட்டியில் கனிஷ்காவின் போனில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் வயரை அண்ணன் எப்போதோ கடித்து வைத்திருந்தான். போகிற வழியெல்லாம் அழுகை, அடிதடி. கெங்கவல்லியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து இறங்கும்போது எனக்குத் தலைவலி, மகனுக்குப் புளிச்ச ஏப்பம், மகளுக்குக் கோபம்.

வாசலுக்கு வந்த அன்புக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். லுங்கியும் பனியனும். கை விரல்களெல்லாம் பினாயிலில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. மூக்கு அச்சு அசல் சித்ராவின் மூக்கு. அதை நான் கவனித்ததைச் சித்ராவும் கவனித்துவிட்டாள்.

"வாங்கக்கா. வாங்க மாமா" என்றான். சித்ரா தலையை மட்டும் ஆட்டினாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். அவனே பேச்சை ஆரம்பித்தான்.

"உங்கள எனக்கு சின்ன வயசுலருந்தே தெரியும்க்கா. நேர்ல பாத்ததில்ல, அவ்ளோதான். எங்கம்மா என்னைக் கூட்டிக்கினு சேலம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போவும். நான் ரொம்பப் படுத்துவேனாம். அப்பா லாரி வருதா பாருடா, மொதல்ல பாத்தா முறுக்குன்னு ஜன்னலாண்ட ஒக்கார வெச்சிரும்."

சித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தபா லாரியப் பாத்துட்டேன். சித்ரா மணிமாறன் யாருமா, என் பேருக்கு முன்னால எழுதியிருக்குன்னு கேட்டேன். அது ஓனரம்மா பேருடா, லாரி அவங்களுதுன்னு சொல்லிச்சு. ஓனரம்மா ரொம்ப நல்லவங்க, டிரைவர் புள்ள பேரையும் எழுத உட்டிருக்காங்கன்னு. தீவாளிக்குச் சட்டை எடுத்தாலும் ஓனரம்மா குடுத்துச்சுன்னுதான் சொல்லும். ரொம்ப நாளு வரைக்கும் உங்களுக்கு நான் கும்பிடு போட்டுக்கினு இருந்தேன்க்கா." வெட்கத்தோடு சிரித்தான்.

சித்ராவும் சிரித்துவிட்டாள். சத்தமாக, வாய்விட்டு, ஒரே ஒரு சிரிப்பு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே பலகை. அதை எழுதினவன் யாருக்கும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்கிற வேலையை இரண்டு பொம்பளைகள் தலையில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு போய்விட்டான். அங்கே ஒருத்தி இந்தப் பையனைப் பேரில்லாதவனாக்கினாள். இங்கே ஒருத்தி தன்னையும் புருஷனையும் கூலிக்காரர் ஆக்கிக்கொண்டாள். இரண்டும் ஓடுகிற பஸ்ஸில், அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்ய. ஒருத்தியிடம் கமர்கட்டு, இன்னொருத்தியிடம் முறுக்கு.

"எங்க இருக்குது அந்தாளு?" என்றாள் சித்ரா.

உள்ளறையில் கயிற்றுக் கட்டில், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. பினாயிலையும் தாண்டிக்கொண்டு வந்தது நாற்றம். சித்ரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசற்படியில் நின்றேன். எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்தார் சென்றாயன். வாய் ஒருபக்கம் கோணி எச்சில் ஒழுகியது. கண் மட்டும் நன்றாக இருந்தது. அது அவளை அடையாளம் கண்டுகொண்டது. வாய் திறந்தது, இருந்த பல்லெல்லாம் தெரிந்தது.

"சி... சி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

சித்ரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ச்சீ" என்றாள். திரும்பி என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்து, கொல்லைப்பக்கம் ஓடி, அங்கிருந்த கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். காரில் மகன் எடுத்ததையெல்லாம் துடைத்தும் பையில் பிடித்தும் வந்தவள், முகம் சுளிக்காதவள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்பு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி நின்றான். அடுப்பில் பால் காய்ச்சி டம்ளரில் ஆற வைத்திருந்தான் போலிருக்கிறது. அதைக் கேட்கவும் தைரியமில்லாமல், எங்களைப் போகச் சொல்லவும் மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

"போலாமுங்க" என்றாள் சித்ரா, வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "பாத்தாச்சு. வண்டிய எடுங்க."

கனிஷ்கா அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். போன் செத்துவிட்டதால் கோழியைத் துரத்திக்கொண்டு வந்திருந்தாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்து எதையோ பார்த்தாள்.

"அம்மா, இங்க பாரு! உன் பேரு இருக்கு! கோழிக்கூண்டுல!"

கூண்டின் மேல்மூடியாக ஒரு நீளப் பலகை வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது. மஞ்சள் வெளுத்து, கோழி எச்சம் காய்ந்து கிடந்தது. லாரியைப் பழைய இரும்புக்கு உடைத்தபோது அதை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை, தமிழை விரல் வைத்துத்தான் படிக்கும். எச்சத்தைக் குச்சியால் தள்ளிவிட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"சித்-ரா. மணி-மா-றன். ஐ, மாமா பேரும் இருக்கு. அப்புறம்... அன்-பு." திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அன்புன்னா லவ்தானம்மா? எங்க மிஸ் சொன்னாங்க. லவ்வுன்னு எதுக்கும்மா எழுதியிருக்காங்க?"

ஆமாம் சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை அதோடு கோழியைத் துரத்தப் போய்விடும். நாங்களும் வண்டி ஏறிவிடலாம். அன்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தப் பதில் போதும் போலத்தான் இருந்தது.

சித்ரா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இல்ல சாமி. அது பேரு" என்றாள். "அன்புங்கறது ஒருத்தரு பேரு. தா, சொம்பு வெச்சுட்டு நிக்கறாங்களே, அவங்க பேரு. உங்கம்மாளுக்குத் தம்பி. உனக்கு மாமன்."

கனிஷ்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஹாய் மாமா" என்றாள். பிறகு கோழியைத் தேடிப் போனாள். அன்பு பிடித்திருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் அவன் காலில் கொட்டியது.

சித்ரா எழுந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத சொல்லை, தெருவில் யாரையோ கூப்பிடுவதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் பாலக் கொண்டா அன்பு. அந்தாளுக்காக இல்ல. நீ இன்னும் எத்தன நாளைக்கு அள்ளிக் கொட்டிட்டிருப்பே."

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை.